ஒரே சிகிச்சையோடு முடியுமா? அரிய வகை கருப்பை வாய்ப் புற்றில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது

"ஆபரேஷனா, ரேடியேஷனா?" இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் கணவராகவோ தங்கையாகவோ மகளாகவோ இருப்பார். கையில் ஒரு பயாப்சி ரிப்போர்ட். அதில் இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர். ஒரு டாக்டர் ஒன்று சொல்லியிருப்பார், அடுத்தவர் வேறொன்று. குழப்பம் என்னவென்றால், இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. அக்காவுக்கு 31 வயதில் கருப்பை வாயில் கிளியர் செல் கார்சினோமா என்று தெரிந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவள். அப்போது கற்றதும், பிறகு உட்கார்ந்து படித்ததும் சேர்ந்ததுதான் இது. முடிவை உங்கள் டாக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவர் முன்னால் எந்தக் கேள்விகளோடு போய் உட்காருவது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, கட்டியின் வகை. இரண்டாவது, அதன் அளவும் எங்கே வரை எட்டியிருக்கிறது என்பதும். ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவர் கூட்டமைப்பு 2018-ல் திருத்திய நிலைப்பிரிப்பில், கருப்பை வாயைத் தாண்டாத கட்டி 2 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் 1பி1, 2 முதல் 4-க்குள் 1பி2, 4-ம் அதற்கு மேலும் 1பி3. நிணநீர்க் கணுவில் நோய் இருந்துவிட்டால் கட்டி எவ்வளவு சின்னதானாலும் 3சி. மூன்றாவது, குழந்தை வேண்டுமா என்பது. நான்காவது, சினைப்பைகளைக் காப்பாற்ற முடியுமா என்பது. இதைக் குழந்தைப் பேச்சோடு சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். முப்பது வயதில் மாதவிடாய் நின்றுபோனால் எலும்பு, இதயம், தூக்கம் எல்லாமே அடி வாங்கும். குழந்தை வேண்டாம் என்றவருக்கும் சினைப்பை வேண்டும். ஐந்தாவது, பத்து வருடம் கழித்து சிறுநீர்ப்பை, குடல், கால்கள், தாம்பத்தியம் எல்லாம் எப்படி இருக்கும் என்பது.

ஆறாவதாகச் சொன்னாலும் என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம்: தேர்ந்தெடுக்கும் சிகிச்சையோடு கதை முடியுமா, பின்னாலேயே இன்னொன்றும் வருமா? ஆபரேஷன் செய்த அதே இடுப்புக்குள் ரேடியேஷனும் கொடுத்தால், இரண்டின் தொல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். "முதலில் எடுத்துவிடுவோம், மிச்சம் இருந்தால் ரேடியேஷன் கொடுத்துக்கலாம்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால், அந்த "இருந்தால்" எத்தனை சதவீதம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

## வழியைத் தேடுமுன் பெயரைச் சரிபாருங்கள்

அக்காவின் முதல் ரிப்போர்ட்டில் "அடினோகார்சினோமா" என்பதோடு முற்றுப்புள்ளி. சுரப்பிச் செல்களில் கிளம்பும் புற்று என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், அதில் என்ன வகை என்று இல்லை. அதை வைத்தே ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். வேறொரு மருத்துவமனையில், பெண்களின் புற்றுநோய் ஸ்லைடுகளை மட்டுமே பார்க்கும் ஒரு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்டச் சொன்னார் தெரிந்த நர்ஸ் ஒருவர். லேபில் எழுதிக் கொடுத்து பிளாக்கை வாங்கினோம். தபால்தலை அளவுள்ள பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் அரிசி மணி பருமனில் மூன்று துணுக்குகள். அந்த மூன்று துணுக்குகளை வைத்துத்தான் ஒரு ஆளுடைய உடம்பில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் கிளியர் செல் என்று இருந்தது.

இந்த செல்களுக்குள் கிளைக்கோஜன் நிறைந்திருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது அது கரைந்து போய், மைக்ரோஸ்கோப்பில் காலி அறைகளாகத் தெரியும். பெயர் வந்தது அதனால்தான். சில செல்களின் கரு ஆணித்தலை போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இதன் பூர்வீகம் மருத்துவ வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயம். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டிஇஎஸ், 1938-ல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். கரு கலையாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் 1940-களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். கலைவதைத் தடுக்கவில்லை என்று 1953-லேயே சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டிவிட்டது. ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை. 1971 ஏப்ரலில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கான்சர் மூவரும் பாஸ்டனிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 15 முதல் 22 வயதுக்குள் யோனிப் புற்று வந்த எட்டுப் பெண்களில் ஏழு பேரின் தாய்மார் அந்தக் கர்ப்பத்தில் டிஇஎஸ் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 32 பேரின் தாய்மாரில் ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. கருவிலிருக்கும் பெண் சிசுவின் யோனியில் சுரப்பித் திசு விலகி, தட்டைச் செல்கள் வந்து இடம்பிடிக்க வேண்டும். டிஇஎஸ் அந்த மாற்றத்தைக் குலைத்துவிடுகிறது. யோனியிலும் கருப்பை வாயிலும் தங்கிப்போன அந்தச் சுரப்பித் திசுவிலிருந்து பல வருடம் கழித்துப் புற்று கிளம்புகிறது. அந்த மாத்திரைக்கு ஆட்பட்ட மகள்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இது வந்தது.

இதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நீ வயித்துல இருக்கப்ப ஏதோ மாத்திரை போட்டேன்டி" என்று அக்காவிடம் அழுதாள். டாக்டர் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்: இப்போது கிளியர் செல் வருபவர்களில் பலருக்கு டிஇஎஸ் தொடர்பே கிடையாது, காரணம் இதுதான் என்று கைகாட்ட ஒன்றும் இருக்காது. இன்னொன்றும் சொன்னார். வழக்கமான கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் இதில் பொதுவாக இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு, கருப்பை வாயின் அடினோகார்சினோமாக்களை எச்பிவி சார்ந்தவை, சாராதவை என்று இரண்டாகவே பிரித்துவிட்டது. கிளியர் செல் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது. எனவே எச்பிவி டெஸ்ட் நெகட்டிவ் என்பது இங்கே நிம்மதி தராது.

அதே கருப்பை வாயில் வரும் இன்னும் இரண்டு அரிய வகைகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் அவற்றில் கணக்கே மாறிவிடும்.

இரைப்பைச் செல்களைப் போலிருக்கும் கேஸ்ட்ரிக் வகை அடினோகார்சினோமாவும் எச்பிவி சாராதது. தண்ணீர் போல வெள்ளை போவதுதான் பலருக்கு ஒரே அறிகுறி. மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது, பாப் ஸ்மியரிலும் தப்பிவிடும். உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகளும் வரும் பூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் அவ்வளவாக மசியாது. சினைப்பைக்குத் தாவும் பழக்கமும் உண்டு. ஆகவே ஆபரேஷனில் முழுமையாக எடுக்க முடிகிற கட்டத்தில் இருந்தால் எடுப்பதுதான் வழி. சினைப்பையை விட்டுவைப்பதும், கருப்பையைக் காப்பதும் பேச்சிலேயே வரக்கூடாது.

ஸ்மால் செல் நியூரோஎண்டோகிரைன் வகை நேர் எதிர். இது எச்பிவி 16, 18 சார்ந்தது. கட்டி சின்னதாக இருக்கும்போதே ரத்தத்தில் பயணம் கிளம்பிவிடும். நுரையீரலின் ஸ்மால் செல் புற்றுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு கீமோதான் இங்கேயும் முதுகெலும்பு. ஆபரேஷன் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அடுத்த டாக்டரைப் பாருங்கள்.

இனி வருவது முக்கியமாக கிளியர் செல்லுக்கு. அதற்கென்றே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு இல்லை. நோய் அவ்வளவு அரிது. அதனால் வழக்கமான அடினோகார்சினோமாவின் ஆய்வுகளைத்தான் டாக்டர்கள் எடுத்துப் பொருத்துகிறார்கள்.

## வழி ஒன்று: வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன்

ராடிக்கல் ஹிஸ்டரெக்டமி. கருப்பை, கருப்பை வாய், அதை இரு பக்கமும் தாங்கும் திசு, யோனியின் மேல்பகுதி, இடுப்பு நிணநீர்க் கணுக்கள் எல்லாம் வெளியே வரும். சாதாரணக் கருப்பை ஆபரேஷனோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஆதரவான பழைய ஆதாரம் இத்தாலியிலிருந்து 1997-ல் லேன்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 1பி, 2ஏ (யோனியின் மேல்பகுதி வரை மட்டும் எட்டியது) நிலையில் ஆபரேஷனையும் ரேடியேஷனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரண்டிலும் 83 சதவீதம். ஆனால் அடினோகார்சினோமாவை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஆபரேஷன் பக்கம் 70, ரேடியேஷன் பக்கம் 59. கிளியர் செல்காரர்களை டாக்டர்கள் ஆபரேஷன் பக்கம் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஆய்வில்தான் நான் சொன்ன மறைமுகச் செலவும் இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் பிறகு ரேடியேஷனும் தேவைப்பட்டது. 4 சென்டிமீட்டர் வரை உள்ள கட்டியில் 54 சதவீதம், அதற்கு மேல் 84. கடுமையான பக்கவிளைவு ஆபரேஷன் பக்கம் 28 சதவீதம், ரேடியேஷன் பக்கம் 12. ஆக, பெரிய கட்டிக்கு ஆபரேஷன் செய்வது அநேகமாக இரண்டு சிகிச்சைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதுதான். எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து, கணுவில் நோய் தெரிகிறதா, கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னொரு மறைமுகச் செலவு சிறுநீர்ப்பை. அதன் நரம்புகள் கருப்பையைத் தாங்கும் திசு வழியாகத்தான் ஓடுகின்றன. அக்காவுக்குப் பதினாறு நாள் யூரின் பை. எடுத்த பிறகும் மூத்திரம் முட்டுகிற உணர்வே வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மொபைலில் அலாரம் வைத்துப் போய் உட்கார்ந்து, அடிவயிற்றை அழுத்திப் போனாள். நாலாவது மாதம் ஒரு நாள் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து ஓடினாள். வீடே கொண்டாடியது. கணுக்களை எடுத்ததால் சிலருக்குக் கால் வீங்கும். அது வருடங்கள் கழித்தும் வரும்.

லேப்ராஸ்கோபியில், ரோபோவில் செய்யலாமே, தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். எங்களிடமும் முதல் மருத்துவமனையில் அப்படித்தான் சொன்னார்கள். இந்தத் துளை வழி முறையையும் திறந்த ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2018-ல் வந்த லாக் ஆய்வைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 631 பெண்கள். நான்கரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த ஆபரேஷனில் 96.5 சதவீதம், துளை வழி ஆபரேஷனில் 86. உயிரிழப்பும் துளை வழியில் அதிகம். அரிய வகைக்காரர் இந்தப் பந்தயத்தில் இறங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இளம் வயதில், கிளியர் செல்லில், சினைப்பை பார்க்க நன்றாக இருந்தால் விட்டுவைப்பது உண்டு. ஒருவேளை ரேடியேஷன் வந்தால் அடிபடாமலிருக்க மேலே தூக்கிவைத்து, ஸ்கேனில் தெரிய உலோகக் கிளிப் போட்டுவிடுவார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசுங்கள். மேஜையில் படுத்த பிறகு கேட்க முடியாது.

## வழி இரண்டு: கீமோவோடு ரேடியேஷன்

1999-ல் ஐந்து ஆய்வுகள் ஒரே குரலில் சொன்னதால், ரேடியேஷனோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் சேர்ப்பது வழக்கமானது. வெளியிலிருந்து சுமார் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். பிறகு பிராக்கிதெரபி என்ற உள்கதிர் சில முறை. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும். ரத்த அளவு குறைந்தது, மெஷின் ரிப்பேர் என்று நாள் தள்ளிப்போனால் ஈடுகட்டுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

வெட்டு, தையல் இல்லை என்பதால் லேசானது என்று நினைக்க வேண்டாம். உள்கதிருக்குக் கருவி பொருத்தி, துணி அடைத்து, ஸ்கேன் எடுத்து, கணக்குப் போடும் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். கதிர் ஓடுவது சில நிமிடம்தான், அரை நாள் போய்விடும். சினைப்பையை முன்னாலேயே நகர்த்தி வைக்காவிட்டால் மாதவிடாய் நின்றுவிடும். கருப்பை உள்ளே இருந்தாலும் குழந்தை சுமக்கும் நிலையில் இருக்காது. யோனி சுருங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிகிச்சை முடிந்ததும் யோனியை விரித்து வைக்கும் டைலேட்டர் என்ற சின்னக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதை நோயாளியே கேட்டுத்தான் பல இடங்களில் தெரிந்துகொள்கிறார். குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ரத்தக்கசிவு வருடங்கள் கழித்துத் தலைகாட்டலாம்.

இருந்தும் கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல், கணுவில் நோய், பக்கத் திசுவுக்குப் பரவல், இவற்றில் ஒன்று இருந்தாலே இதுதான் நேர் வழி. ஒரே சிகிச்சையோடு முடிகிறது என்ற பெரிய லாபம் இதில் இருக்கிறது. மூன்றாம் நிலை முதல் 4ஏ (சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ பரவியது) வரை உள்ளவர்களுக்கு இதோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி சேர்ப்பதை 2024-ல் எஃப்டிஏ அனுமதித்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

## வழி மூன்று: கருப்பையைக் காக்கும் ஆபரேஷன்

ட்ரக்கலெக்டமி. கருப்பை வாயையும் பக்கத் திசுவையும் மட்டும் எடுத்து, கருப்பையை யோனியோடு தைத்துவிடுவது. பிரான்ஸில் லியோன் நகரத்து டேனியல் டார்ஜென்ட் 1987-ல் தொடங்கி வைத்தது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள், கணு சுத்தம், மேல் விளிம்பு சுத்தம் என்றால்தான் பேச்சு. கேஸ்ட்ரிக் வகைக்கும் நியூரோஎண்டோகிரைன் வகைக்கும் வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்கின்றன. கிளியர் செல்லில் செய்திருக்கிறார்கள், கர்ப்பமும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை கைவிரல் கணக்கு.

கையெழுத்துப் போடும் தாளில் ஒரு வரி இருக்கும்: தேவைப்பட்டால் கருப்பையை முழுவதும் எடுக்கலாம். ஆபரேஷன் நடக்கும்போதே விளிம்பை உறைய வைத்துப் பார்ப்பார்கள். நோய் தெரிந்தால் திட்டம் அங்கேயே மாறும். மயக்கம் தெளிந்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரியவரும். அதைத் தாங்கும் மனதோடு போக வேண்டும். கர்ப்பம் தரித்தாலும் குறைமாதப் பிரசவத்துக்கும் கரு கலைவதற்கும் வாய்ப்பு கூடும். பிரசவம் சிசேரியன்தான்.

அக்காவின் கட்டி 2.6 சென்டிமீட்டர். இந்தக் கதவு மூடியிருந்தது. ஒரே ஒரு தடவை கேட்டாள்: "கருப்பை போனாலும் சினைப்பை இருக்கும்தானே டாக்டர்?"

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | திறந்த ஆபரேஷன் | கீமோ ரேடியேஷன் | ட்ரக்கலெக்டமி |
|---|---|---|---|
| பொருந்தும் அளவு | 4 செ.மீ.க்குள், கணு சுத்தம் | 4 செ.மீ.யும் மேலும், அல்லது கணுவில் நோய் | 2 செ.மீ.க்குள், கணு சுத்தம் |
| இதோடு முடியுமா | சின்னக் கட்டியில் வாய்ப்பு அதிகம், பெரியதில் குறைவு | பெரும்பாலும் | தேர்வு சரியாக இருந்தால் |
| குழந்தை சுமப்பது | முடியாது | முடியாது | முடியும், ஆபத்தோடு |
| சினைப்பை | காக்கலாம் | நகர்த்தி வைத்தால் மட்டும் | காக்கலாம் |
| பேசப்படாத செலவு | சிறுநீர்ப்பை, கால் வீக்கம் | யோனி சுருக்கம், தாமதமாக வரும் குடல் தொல்லை | நடுவில் திட்டம் மாறுவது, குறைமாதப் பிரசவம் |
| கேஸ்ட்ரிக் வகைக்கு | முதல் தேர்வு, சினைப்பையும் சேர்த்து | பலன் குறைவு | கூடாது |
| ஸ்மால் செல்லுக்கு | கீமோவோடு சேர்த்தால் மட்டும் | எட்டோபோசைடு சேர்த்து | கூடாது |

## இரண்டு பக்கமும் இழுக்கும் இடம்

2 சென்டிமீட்டர் கட்டிக்காரருக்கும் 5 சென்டிமீட்டர் கட்டிக்காரருக்கும் அட்டவணையே பதில் சொல்லிவிடும். தடுமாறுவது 3, 3.5 சென்டிமீட்டரில், கணு சுத்தம் என்று ஸ்கேன் சொல்ல, கட்டி மட்டும் ஆழமாக இறங்கியிருக்கும்போது. அளவு, ஆழம், ரத்த நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் புகுந்திருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷன் வேண்டுமா என்று தீர்மானிக்கின்றன. மூன்றில் இரண்டு முன்கூட்டியே தெரிந்தால், ஆபரேஷனை விட்டுவிட்டு நேரே கீமோ ரேடியேஷனுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. வயது குறைவு, கிளியர் செல், சினைப்பையைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் கனக்கும். அப்போதும் ஆபரேஷனை இரண்டு கட்டமாக நினைத்துப் பாருங்கள் என்றார் எங்கள் டாக்டர்: முதலில் கணுக்களை எடுத்து அங்கேயே பரிசோதிப்பது, நோய் இருந்தால் கருப்பையைத் தொடாமல் மூடிவிட்டு, சினைப்பையை மட்டும் நகர்த்தி, ரேடியேஷனுக்கு அனுப்புவது. இதை அவராகச் சொன்னார். எல்லோரும் சொல்வதில்லை, நீங்கள் கேளுங்கள்.

அக்காவுக்கு அப்படித்தான் தொடங்கினார்கள். கணுக்கள் சுத்தமாக இருந்ததால் தொடர்ந்து கருப்பையை எடுத்தார்கள். சினைப்பைகள் மேலே கிளிப்போடு இருக்கின்றன. இறுதி ரிப்போர்ட்டில் ஆழம் குறைவு, ரேடியேஷன் தேவைப்படவில்லை. அதில் பாதி டாக்டரின் திறமை என்றால் பாதி எங்கள் அதிர்ஷ்டம். ஒன்பது நாள் காத்திருந்து வாங்கிய அந்த இரண்டாவது ரிப்போர்ட் இல்லையென்றால் அவளுக்கு லேப்ராஸ்கோபி நடந்திருக்கும்.

கிளியர் செல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. ஐந்து வருடம் தாண்டியும், சிலருக்கு அதற்கும் வெகுகாலம் கழித்தும், நுரையீரலிலோ கழுத்தெலும்புக்கு மேலிருக்கும் கணுவிலோ திரும்பி வந்ததாக டிஇஎஸ் மகள்களைப் பின்தொடர்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்தாம் வருட செக்கப்பில் "இனி வர வேண்டியதில்லை" என்று ஒரு ஜூனியர் டாக்டர் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நேராக கவுன்ட்டருக்குப் போய் அடுத்த வருடத்துக்கு டோக்கன் போட்டாள்.